பதினொண்ணாவது சுத்து

இடது காலோட கட்டை விரலை ஒட்டி வலது குதிகால். வலது காலோட கட்டை விரலை ஒட்டி இடது குதிகால். நடுவுல ஒரு அரிசி நுழையற சந்துகூட இருக்கக் கூடாது. ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேரா கூப்பியே இருக்கணும், வாயைத் திறக்கக் கூடாது, நடுவுல நின்னுட்டா அந்தச் சுத்து செல்லாது. காலையில இட்லி வச்சுக்கிட்டே என் வீட்டுக்காரி மரகதம் எனக்குச் சொல்லிக் குடுத்த சட்டதிட்டம் இது. அடிப்பிரதட்சணம்னா சும்மாவா. என் பாதம் இருபத்தாறு சென்டிமீட்டர். எங்க ஊர் ஈஸ்வரன் கோயில் பிரகாரம் ஒரு சுத்துக்கு அறுபத்திரண்டு மீட்டர், நேத்தே வந்து டேப் வச்சு அளந்துட்டுப் போனேன், குருக்கள் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. ஆக ஒரு சுத்துக்கு இருநூத்து முப்பத்தெட்டு அடி, கொசுறா ஒரு அரை அடி. மொத்தம் பதினோரு சுத்து. இது நாலாவது. கல்லு இன்னும் சூடு ஆறலை, மேக்கு மூலையில மட்டும் வில்வ மரத்து நிழல் விழுந்து கொஞ்சம் பரவாயில்லை. அந்த மூலையைத் தாண்டறப்பதான் மணிக்கட்டுல இருந்த வாட்ச்ல டுர்ர்னு ஒரு அதிர்வு. நெஞ்சு ஒரு தரம் நின்னு ஓடுச்சு. கூப்பின கையைப் பிரிக்காம கண்ணை மட்டும் இறக்கிப் பாத்தேன். ரொம்ப நேரமா உக்காந்தே இருக்கேனாம், எழுந்து கொஞ்சம் நடக்கணுமாம். அட எழவே! நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு நெனச்சே? எழுநூறு அடிக்கு மேல ஒண்ணொண்ணா அளந்து வச்சுட்டு வர்றேன், முழங்காலு ரெண்டும் கெஞ்சுது, நீ உக்காந்திருக்கேங்கறே. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது ஸ்டெப்ஸ் ஆயிரத்து முன்னூத்திப் பன்னண்டு. இப்பவும் ஆயிரத்து முன்னூத்திப் பன்னண்டு. ஒண்ணுகூட ஏறலை. கை ஆடுனாத்தான் அதுக்கு நடை. கையைக் கூப்பிக்கிட்டு நடக்கற மனுசன் அதோட கணக்குல கல்லு. சரி, திட்டறதை விடு, நான் பயந்த அந்தச் சேதி இல்லை, அந்த மட்டுல தப்பிச்சேன்.

இந்த வாட்சைச் செஞ்சவனுக்கு ஒரு கடுதாசி எழுதணும். மூணு மாசமா மனசுக்குள்ள எழுதிக்கிட்டேதான் இருக்கேன், காயிதத்துல இறக்கத்தான் நேரம் வரலை. ஐயா, என் பேரு நாச்சிமுத்து, வயசு அறுபத்திரண்டு, முப்பத்தோரு வருஷம் எடையளவு முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடை கடையா ஏறி இறங்கித் தராசைச் சோதிச்சு, சரியா இருந்தா முத்திரை குத்தறது, தப்பா இருந்தா பிடுங்கிட்டு வர்றது, அதுதான் என் பொழப்பு. சந்தையில எனக்குப் பேரு தராசு சார். தட்டுக்கு அடியில புளி உருண்டையை ஒட்டி வச்சவனை, அடியில ஓட்டை போட்டு ஈயத்தைச் சுரண்டின எடைக்கல்லை, நடுவுல ஒடுக்கு விழுந்த லிட்டர் குவளையை, எல்லாத்தையும் கண்ணால பாத்தே சொல்லிருவேன். அப்படிப்பட்டவன் கையில உங்க கருவி மாட்டியிருக்கு. சொல்றதைக் கேட்டுக்கங்க. ஸ்கூட்டர்ல மேட்டுவளவு ரோட்டுல போனா, குண்டும் குழியுமா இருக்கற ரோடு, நானூறு அடி நடந்தேன்னு காட்டுது. மரகதத்துக்குத் தேங்காய் துருவிக் குடுத்தா நூத்தம்பது. மார்கழி பஜனையில ஜால்ரா தட்டிட்டு உக்காந்திருந்தேன், ரெண்டாயிரம் அடி போட்டு, சபாஷ்னு பட்டாசு வேற வெடிச்சுக் காட்டுச்சு. ஆஸ்பத்திரியில ஒருத்தர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போறாரு, கை அசையாது, அவரு நடையும் கணக்குல வராது. ராத்திரி முச்சூடும் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா, நல்ல ஆழ்ந்த தூக்கம்னு மார்க் போடுது. அதெல்லாம்கூடத் தொலையட்டும். கருவின்னா பிழை இருக்கும், பிழை இல்லாத கருவியை நான் பாத்ததே இல்லை. ஆனா எந்தத் தராசும் தட்டுல ஒண்ணுமில்லாதப்ப முள்ளை நடுவுல நிறுத்தும், எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லும். உங்க வாட்சுக்கு அது ஒண்ணுதான் வரமாட்டேங்குது. தெரியலைன்னு அது வாயால ஒரு நாளும் சொல்லாது. நீங்க இப்ப என்ன பண்றீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எண்ணுனா என்ன கொறஞ்சு போகும்? நடக்கறீங்களா, துருவறீங்களா, சாமி சுத்தறீங்களான்னு. அதை மட்டும் சரி பண்ணுங்க, நானே என் கையால முத்திரை குத்தித் தர்றேன். வலது குதிகால். இடது குதிகால். கொடிமரம் வந்துருச்சு. மரகதம் உக்காந்திருக்கா.

கொடிமரத்துக்குப் பக்கத்துல குருக்கள் போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் சேர்ல, வலது காலை நேரா நீட்டிக்கிட்டு. மடியில செவ்வரளி. பதினொண்ணு எண்ணிக் கொண்டு வந்தா. நான் ஒரு சுத்து முடிச்சு அவளைத் தாண்டறப்ப ஒரு பூவை எடுத்துத் தூணோட அடியில வைப்பா, அதுதான் கணக்கு. இப்ப நாலாவது பூ. வச்சுட்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டறா, போங்க, நல்லாத்தான் போறீங்கன்னு. இந்தப் பொம்பளைக்காக இதைச் செய்யறேனா, எனக்காகச் செய்யறேனா, அதுகூடத் தெரியலை. வேண்டிக்கிட்டவ அவ. வேண்டுதல் எனக்காக. ஒம்பது மாசத்துக்கு முந்தி கோயமுத்தூர்ல என் நெஞ்சுக்குள்ள கம்பி வலை வச்சு அடைப்பை எடுத்தாங்களே, அன்னிக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, ஈஸ்வரா, இவரை முழுசாக் குடுத்திரு, பதினோரு சுத்து அடிப்பிரதட்சணம் பண்றேன்னு சொல்லியிருக்கா. சொல்லும்போதே அவ மூட்டு பாதி தேஞ்சிருந்துச்சு. நான் வீட்டுக்கு வந்து சேந்த மறு மாசம் முழுசாத் தேஞ்சு போச்சு, ரெண்டு படி ஏறுனா ஐயோங்கறா. டாக்டரு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிச்சு, அம்மா, இனி இந்தக் காலை வச்சு வித்தை காட்டக் கூடாதுன்னுட்டாரு. அதுல இருந்து வீட்டுல எது கெட்டாலும் அந்த வேண்டுதல்தான் காரணம். மிக்ஸி புகைஞ்சா அதுதான், பால் திரிஞ்சா அதுதான், எங்க மக சுகன்யாவுக்கு ஆபீஸ்ல பதவி உயர்வு தள்ளிப் போனா அதுவும் அதுதான். ஏனுங்க, சாமிகிட்ட சொல்லிப்போட்டு செய்யாம இருக்கக் கூடாதுங்க, அப்படின்னு மூக்கைச் சிந்துவா. குருக்கள்தான் வழி சொன்னாரு. யாருக்காக வேண்டுனாங்களோ அவங்களே செய்யலாம், இன்னும் விசேஷம்னு. எனக்குச் சாமி மேல பெரிசா பக்தி ஒண்ணும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. ஒப்புக்கிட்ட அளவைக் குடுத்திரணும், அவ்வளவுதான் என் பக்தி. பதினொண்ணுன்னா பதினொண்ணு.

அஞ்சாவது சுத்து தெக்கு மதிலோரம். இங்க கல்லு மேடு பள்ளமா இருக்கு, குதிகாலை வைக்கறப்ப உடம்பு சாயுது, கை கூப்பியிருக்கறதால பிடிச்சுக்க ஒண்ணுமில்லை. சுகன்யா இருந்தா அப்பா மெதுவான்னு கத்துவா. பூனாவுல உக்காந்துக்கிட்டே கத்தறவதான். இந்த வாட்சை வாங்கி அனுப்பினவளும் அவதான், வந்த நாளே அவ போனுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டு வச்சுட்டா. நான் எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், அத்தனையும் அங்க போய் விழும். அப்பா, டாக்டர் ஏழாயிரம் சொன்னாரு, நேத்து ஏன் நாலாயிரம்தான்? மழை கண்ணு. முந்தா நாளு? கல்யாணத்துக்குப் போயிட்டோம் கண்ணு. நாப்பது வயசு வரைக்கும் எங்கப்பனுக்குக்கூட நான் இப்படிப் பதில் சொன்னதில்லை. அப்பறம் ஒரு நாளு விடாத மழை. சாயந்திரம் ஆறு மணி, ஐயாயிரத்துச் சொச்சத்துல நிக்குது. நான் நாற்காலியில உக்காந்து செய்தி பாத்துக்கிட்டே கையை ஆட்ட ஆரம்பிச்சேன். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஏழாயிரம் ஆனதும் பட்டாசு வெடிச்சுது. அடுத்த நிமிஷம் சுகன்யா ஒரு பூச்செண்டுப் படம் அனுப்பறா, சூப்பர் அப்பான்னு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல ஆயிருச்சு. முப்பத்தோரு வருஷம் தட்டுக்கு அடியில புளி ஒட்டினவனையெல்லாம் நடு சந்தையில நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்டவன், இப்ப என் மணிக்கட்டுல நானே புளி ஒட்டிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லலை. மரகதத்துக்கிட்டகூட. இதை ஒண்ணு மறைச்சுப் பழகினதாலதான் அதையும் மறைக்க முடிஞ்சுது போல.

அதுன்னா, போன செவ்வாய்க்கிழமை. சவரம் பண்ணிட்டிருந்தேன். பாதித் தாடை சோப்பு நுரையோட இருக்கு. டுர்ர். டுர்ர். டுர்ர். மூணு தரம், நீளமா. இங்கிலீஷ்ல நாலு வரி. உங்க இதயத் துடிப்பு சீரா இல்லாத மாதிரித் தெரியுது, டாக்டரைப் பாருங்கன்னு. கண்ணாடியில என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். வலி இல்லை, மூச்சு முட்டலை, ஒண்ணுமே இல்லை. விரலால தள்ளுனேன், போயிருச்சு. மொதல்ல என்ன பண்ணுனேன் தெரியுமா, போன்ல போய் சுகன்யாவுக்குப் போற இணைப்பைத் துண்டிச்சேன். அவ கேட்டப்ப, என்னமோ ஆயிருச்சு கண்ணு, கடையில குடுத்துப் பாக்கறேன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில இன்னொரு தரம் அதே மூணு அதிர்வு, அதே நாலு வரி. அதையும் தள்ளுனேன். தேங்காய் துருவறதை நடைன்னு சொல்ற கருவி, ஜால்ராவுக்குப் பட்டாசு வெடிக்கற கருவி, இது சொல்லி நான் மறுபடி கோயமுத்தூர் போய் அந்த மேஜையில படுக்கறதா? அந்தக் குளிரு, அந்தப் பச்சைத் துணி, கதவுக்கு வெளிய மரகதம் நிக்கற நிப்பு. அதெல்லாம் இன்னொரு தரம் வேண்டாம். இதோ நெஞ்சு சும்மாத்தான இருக்கு. சும்மாத்தான் இருக்கா? கூப்பின கையோட கட்டை விரலு நெஞ்சுல படுது. அடிக்கறது தெரியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கொஞ்சம் பொறுத்து அஞ்சு. இல்லை, நான் காலை எண்ணறதும் அதை எண்ணறதும் ஒண்ணோட ஒண்ணு குழம்புது. எண்ணாதே. காலை மட்டும் எண்ணு. அஞ்சாவது பூ வச்சாச்சு.

ஆனா வேலை தெரிஞ்சவன் மனசு சும்மா இருக்குமா. தெக்கு மதிலைத் திரும்பறப்ப அதுவே வந்து கேக்குது, ஏனய்யா தராசு சார், இப்படித்தான் நீ சோதிப்பியான்னு. ஒரு தராசு நூறு கிராமுல தப்பாக் காட்டுது, சரி. அதுக்காக அஞ்சு கிலோவுலயும் தப்புன்னு எழுதிர முடியுமா? ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியாக் கல்லு வச்சுப் பாக்கணும். நூறுல தடுமாறி அஞ்சு கிலோவுல ஊசி முனை மாதிரி நிக்கற தராசை நானே எத்தனை பாத்திருக்கேன், புதுசா வேலைக்கு வந்த எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன். அடி எண்ணறது வேற, துடிப்பைப் பாக்கறது வேற. அடி எண்ணறது கையாட்டத்தை வச்சு, துடிப்பைப் பாக்கறது அடியில பச்சையா மினுங்கற அந்த வெளக்கை வச்சு. ஒண்ணு பொய்யின்னா இன்னொண்ணும் பொய்யின்னு சொல்றது பயந்தவன் பேச்சு. ஆமா, பயம்தான். வெக்கமென்ன, பயமாத்தான் இருக்கு. செத்துப் போயிருவேனோன்னு பயம், அதைவிட இவளைத் தனியா அந்தப் பிளாஸ்டிக் சேர்ல விட்டுட்டுப் போயிருவேனோன்னு பயம். இவளுக்குக் காஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது. படி இறங்க ஒரு கை வேணும். கடையில போய் நின்னா கணக்குப் பாக்காம குடுத்ததை வாங்கிட்டு வந்துருவா. கணக்குப் பாக்காதவ இல்லை, கணக்கை வேற மாதிரிப் பாக்கறவ. அந்தத் தக்காளிக்காரி பொன்னாத்தா விஷயத்துலயே தெரிஞ்சுதே.

இருபது வருஷம் இருக்கும். வியாழக்கிழமைச் சந்தை. பொன்னாத்தா தராசுல ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தா. அந்தக் கயிறோட எடை, இருபது கிராம், வாங்கறவனுக்குக் கொறையுது. சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார், நேத்துதானுங்க கட்டுனேன்னு கும்பிட்டா. தெரியாதுங்கறது எனக்கும் தெரியும். ஆனா இருபது கிராம் இருபது கிராம்தான். எடுத்துட்டு வந்துட்டேன். அன்னிக்கு மத்தியானம் சோத்துல உப்பு இல்லை, ஒரு வாரம் இவ என்னோட நேராப் பேசலை. ஏனுங்க, ஒரு தக்காளி சேத்திப் போடு ஆத்தான்னு சொல்லிட்டு வந்திருந்தா அளவு சரியாப் போயிருக்காதுங்களா? கொசுறுன்னு ஒண்ணு எதுக்குங்க இருக்குது? அப்படின்னு கேட்டா. அளவுன்னா அளவு, அதுல கொசுறுக்கு இடமில்லைன்னு நான் கத்துனேன். அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் வீட்டுக்குத் தக்காளி பொன்னாத்தாகிட்ட மட்டும்தான். அவளும் இவளுக்குன்னா கருவேப்பிலை, கொத்தமல்லி, ரெண்டு பச்சை மொளகான்னு பையில திணிப்பா. என்னைக் கண்டா மட்டும் தராசை ரெண்டு தரம் தட்டிக் காட்டுவா, பாத்துக்கங்க சாருன்னு. இப்ப நெனச்சாச் சிரிப்பு வருது. சிரிச்சா மூச்சு வாங்குது. ஆறாவது பூவா இது? ஆறுதான். அவ முகத்தைப் பாக்காமத் தாண்டிட்டேன். பாத்தாக் கண்டுபிடிச்சுருவா.

ஏழாவது சுத்துல கால் கல்லாப் போச்சு. வேர்வை கண்ணுல இறங்குது, தொடைக்க முடியாது, கை கூப்பியிருக்கு. வில்வ மரத்தடியில ஒரு குடும்பம் உக்காந்து புளியோதரை சாப்புடுது. நெஞ்சுக்குள்ள ஏதோ புரளுது. வாளியில விட்ட மீனு மாதிரி, ஒரு துள்ளு, அப்பறம் சும்மா, அப்பறம் ரெண்டு துள்ளு. இது வாட்ச் சொன்னதில்லை, நானே உணர்றது. பதட்டமா இருக்கும். வெயிலா இருக்கும். மத்தியானம் சாப்புடாம வந்தது, விரதம்னு ஒரு டம்ளர் மோரோட நிறுத்துனா பாரு, அதா இருக்கும். நின்னுரலாமா. நின்னா இந்தச் சுத்து செல்லாது. செல்லாட்டிப் போகட்டும், ஆனா ஏன் நின்னீங்கன்னு கேப்பாளே. கேட்டா, செவ்வாய்க்கிழமையைச் சொல்லணும். செவ்வாய்க்கிழமையைச் சொன்னா, வெள்ளிக்கிழமையைச் சொல்லணும். ஏழு நாளு எங்கிட்ட மறைச்சீங்களான்னு கேக்கமாட்டா, கேட்டாப் பரவாயில்லை. என் வேண்டுதல் பாதியில நின்னதாலதானுங்கன்னு அவளையே அவ அடிச்சுக்குவா. அதைப் பாக்க என்னால ஆகாது. இது போக இன்னும் நாலு சுத்து. தொள்ளாயிரத்து அம்பத்து ரெண்டு அடி. முடிச்சிட்டா அவ நிம்மதி ஆயிருவா, நாளைக்குச் சத்தமில்லாமப் போய் டாக்டரைப் பாத்துக்கலாம். நாளைக்குன்னு ஒண்ணு இருந்தா. வலது குதிகால். இடது. வடக்கு மதில் பக்கத்துல தோள் தூண்ல உரசுச்சு, ஒரு நொடி அப்படியே சாஞ்சு நின்னேன், குதிகாலும் விரலும் ஒட்டித்தான் இருந்துச்சு, அதனால அது நின்னதுல சேராது. யாரை ஏமாத்தறேன் நானு. ஏழாவது பூ. அவ கழுத்தை நீட்டிப் பாக்கறா. நான் மேல கோபுரத்தைப் பாத்துக்கிட்டே தாண்டறேன்.

எட்டாவது சுத்துல என்ன நெனச்சேன்னே ஞாபகமில்லை. கடுதாசியில இன்னொரு வரி சேக்கணும்னு நெனச்சேன், அது மட்டும் இருக்கு. ஐயா, பயமுறுத்தறதுக்கும் எழுந்து நடன்னு சொல்றதுக்கும் ஒரே அதிர்வு வைக்காதீங்க, மனுசன் ஒவ்வொரு தரமும் செத்துப் பொழைக்கறான். இல்லை, ஒரே அதிர்வு இல்லை, அது மூணு, நீளமா. டுர்ர். டுர்ர். டுர்ர். கொடிமரத்துக்குப் பத்தடி இருக்கு. கண்ணை இறக்கிப் பாக்கலை. பாக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியாக் கல்லு வச்சாச்சு, மூணு தரம் ஒரே இடத்துல முள்ளு நிக்குது, நெஞ்சும் அதையேதான் சொல்லுது. இனி இதைத் தப்புக் கருவின்னு எழுதுனா நான் வேலை பாத்த முப்பத்தோரு வருஷமும் பொய். இடது குதிகால். வலது குதிகால். மரகதத்துக்கு நேரா வந்து நின்னேன். நின்னுட்டேன்.

தூண் அடியில ஏழு பூ. எட்டாவதை எடுத்துக் கையில வச்சிருக்கா, வைக்கலை. மடியில இன்னும் மூணு கிடக்கு. என் முகத்தைப் பாக்கறா. வேர்வையைப் பாக்கறா. எட்டாவது பூவை வச்சா. அப்பறம் மடியில கிடந்த மூணையும் ஒண்ணா அள்ளி, அதே எடத்துல வச்சா.

"பதினொண்ணு ஆச்சுங்க. கையை எறக்குங்க."

"எட்டுத்தான் புள்ள ஆச்சு."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்களா? பதினொண்ணு. வாங்க, போலாம்."

முப்பத்தோரு வருஷத்துல ஒரு கிராம் கொறஞ்சதுக்கு முத்திரை குத்தினவன் இல்லை நான். அந்த மூணு பூவையும் பாத்தேன், அவளைப் பாத்தேன். பால் திரிஞ்சா வேண்டுதல்னு அழறவ, சாமி முன்னாடி உக்காந்துக்கிட்டு, கண்ணைச் சிமிட்டாம, மூணு சுத்தை முழுங்கிட்டா. கையைப் பிரிச்சேன். தோளு ரெண்டும் அப்படியே விழுந்துச்சு.

"மரகதம், இந்த வாட்ச் போன செவ்வாய்க்கிழமையே சொல்லுச்சு. துடிப்பு சரியில்லைன்னு. வெள்ளிக்கிழமையும் சொல்லுச்சு. நான்தான் சொல்லலை. இப்பவும் சொல்லுது."

அவ உதடு ஒரு தரம் கோணுச்சு. அழுகைதான் வரப் போகுதுன்னு நெனச்சேன், வரலை.

"அப்பறமேல் திட்டறனுங்க. இப்ப நடங்க. மெதுவா."

சேரைப் பிடிச்சு எழுந்து, வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு என் கையைக் கோத்துக்கிட்டா. யாரு யாரைத் தாங்கறோம்னு தெரியாம ரெண்டு பேரும் வாசலுக்கு நடந்தோம். வந்த ஆட்டோ மரத்தடியிலயே நின்னுச்சு. அவதான் டிரைவர்கிட்ட, ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி, குழியில விடாம ஓட்டுங்கன்னா. அவதான் சுகன்யாவுக்குப் போன் போட்டா. அப்பாவுக்கு ஒண்ணுமில்லை கண்ணு, சும்மா காட்டிட்டு வரலாம்னு போறோம்னு சொன்னா, குரல் பிசிறில்லாம. பொய் சொல்றதுல என்னைவிட இவ எவ்வளவோ கெட்டி.

"ஏனுங்க, அது இப்ப என்னங்க சொல்லுது?"

பாத்தேன். ஆயிரத்து முன்னூத்தி அம்பத்து மூணு.

"கோயிலுக்குள்ள நாப்பத்தோரு அடி நடந்தேன்னு சொல்லுது."

"அடக் கிறுக்கு வாட்சே! கழட்டி வீசுங்க அதை." ரெண்டு நொடி கழிச்சு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "வேண்டாங்க, இருக்கட்டும். டாக்டருக்குக் காட்டோணும்."

நான் கண்ணை மூடி சாஞ்சுக்கிட்டேன், தூங்கறேன்னு நெனச்சிருப்பா. சந்தைக்கடை திருப்பத்துல ஆட்டோ நின்னப்ப எஞ்சின் சத்தம் கொஞ்சம் அடங்குச்சு. அவ குரலு, கோயில் இருந்த திசையைப் பாத்து, ரொம்பச் சன்னமா, வேற யாருக்கோ.

"மூணு நிக்குதுங்க சாமி. எனக்குத் தெரியும். அதை நானே வந்து சுத்திர்றேன். மூட்டு போனாப் போகட்டுங்க. இவரை மட்டும் முழுசாக் குடுத்திருங்க."

எட்டும் மூணும் பதினொண்ணு. ஒரு அடி கொறையலை. நான் கண்ணைத் திறக்காம, அவ பிடிச்சிருந்த கையை அசைக்காம வச்சிருந்தேன்.